அஜைல் அடிப்படை கற்க எந்த வழி நல்லது? கிருஷ்ணகிரியில் இருந்து ஓர் ஒப்பீடு

“மாமா, அஜைல் கத்துக்கணும். நாலு கோர்ஸ் பார்த்து வெச்சிருக்கேன். எதுல சேரட்டும்?” என்று அக்கா பையன் போனை என் பக்கம் நீட்டினான். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் அவனுக்கு மூன்றாம் ஆண்டு முடியும் சமயம். கேம்பஸுக்கு வருகிறவர்கள் அஜைல் தெரியுமா, ஸ்க்ரம் தெரியுமா என்று கேட்கிறார்களாம். அவன் பார்த்து வைத்ததில் ஒன்று இலவசம், ஒன்று ஆயிரம் ரூபாய், ஒன்று பதினைந்தாயிரத்துக்கு மேல், நாலாவது பெங்களூரில் இரண்டு நாள் வகுப்பு. நாலையும் பார்த்தேன். விலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “இதுல எதுலயாவது உன்கூடச் சேர்ந்து வேலை செய்ய ஆள் கிடைப்பாங்களா?” என்று மட்டும் கேட்டேன்.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் பார்க்கப்போகிறேன். அஜைல் என்பது சிலர் சேர்ந்து வேலையைப் பிரித்துக்கொள்வது, கொஞ்சம் முடித்துக் காட்டுவது, பார்த்தவர் சொன்னதைக் கேட்டு அடுத்ததை மாற்றிக்கொள்வது. இதைப் பற்றித் தனியாக உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் யாரோடு பிரித்துக்கொள்வது, யாரிடம் காட்டுவது? பெங்களூரில் வேலைக்குப் போகிறவருக்கு அலுவலகத்திலேயே டீம் கிடைத்துவிடுகிறது. காவேரிப்பட்டணத்திலோ பாலக்கோட்டிலோ அரூரிலோ இருக்கும் பிள்ளைகளிடம் போன் இருக்கிறது, நெட் இருக்கிறது, வீடியோவுக்கும் பஞ்சமில்லை. டீம்தான் இல்லை.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு வெண்டர் கம்பெனியில் ஆறு வருடம் இருந்தேன். அப்புறம் எலக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்குப் போனேன். இரண்டு இடத்திலும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், அடிப்படை என்றால் எவ்வளவு?

நிறையப் பேர் நினைப்பதைவிட மிகக் குறைவு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற மலைவாசத்தலத்தில் 17 பேர் கூடி, சாஃப்ட்வேர் எழுதும் முறையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். அதில் 4 மதிப்புகள், அதோடு சேர்ந்து 12 கொள்கைகள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் படித்துவிடலாம். அஜைல் என்ற பெயர் இந்தத் துறையில் நிலைத்தது அங்கேதான். அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரம் அதற்கும் முந்தியது. ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் 1995-லேயே அதை ஒரு மாநாட்டில் வைத்துவிட்டார்கள். அவர்கள் இருவரும் எழுதிய ஸ்க்ரம் கைடு 2010-ல் முதலில் வந்தது, இப்போது புழக்கத்தில் இருப்பது 2020 நவம்பர் பதிப்பு. பதினைந்து பக்கத்துக்குள் முடிந்துவிடும். நெட்டில் இலவசம்.

அதில் இருப்பது இவ்வளவுதான்: ஒரு டீமில் பத்துப் பேர் அல்லது அதற்குக் குறைவு. எது முதலில் வேண்டும் என்று முடிவு செய்யும் ப்ராடக்ட் ஓனர், முறை சரியாக நடக்க உதவும் ஸ்க்ரம் மாஸ்டர், வேலையைச் செய்யும் டெவலப்பர்கள் என்று மூன்று பொறுப்பு. ஸ்பிரின்ட் என்கிற வேலைச் சுற்று ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது, பெரும்பாலான டீம்கள் இரண்டு வாரம் வைத்துக்கொள்கிறார்கள். தினமும் 15 நிமிடக் கூட்டம். சுற்றின் தொடக்கத்தில் திட்டமிடல், முடிவில் செய்ததைக் காட்டும் ரிவ்யூ, அப்புறம் நாம் எப்படி வேலை செய்தோம் என்று நம்மையே பார்த்துக்கொள்ளும் ரெட்ரோ.

ஆகவே, அஜைல் தகவலுக்காகப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. கொடுக்கும் பணம் எதற்கு என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். சான்றிதழுக்கா, சொல்லித்தரும் ஆளுக்கா, கூட இருந்து பழகும் குழுவுக்கா? மூன்றும் வேறு வேறு.

தனியாகப் படிப்பது

கைடைப் பதிவிறக்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை படிப்பது எல்லோரும் செய்ய வேண்டியது. எந்த வழியில் போவதாக இருந்தாலும் முதல் படி இதுதான். படித்துவிட்டு ஸ்க்ரம் டாட் ஆர்க் தளத்தில் இருக்கும் ஸ்க்ரம் ஓபன் என்ற 30 கேள்வித் தேர்வை எழுதிப் பார்க்கலாம். அதுவும் இலவசம், எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

இதில் ஒரு பெரிய நன்மை, வெளியில் கிடைக்கும் பாடங்களின் தரம் பிடிபட்டுவிடும். 2020 பதிப்பில் சில விஷயங்கள் மாறின. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், தடை என்ன என்ற மூன்று கேள்வியைத் தினக்கூட்டத்துக்கு ஓர் உதாரணமாக முந்தைய பதிப்பு சொன்னது. புதியதில் அது இல்லை. டெவலப்மென்ட் டீம் என்று தனியாக மூன்று முதல் ஒன்பது பேர் என்பதும் போய்விட்டது. டீம் எட்ட வேண்டிய நீண்ட கால இலக்கைச் சொல்லும் ப்ராடக்ட் கோல் புதிதாக வந்தது. அதனால் ஒரு வீடியோவோ வகுப்போ இன்னும் ‘மூன்று முதல் ஒன்பது பேர்’ என்று சொன்னால், அவர்கள் பாடத்தைப் புதுப்பிக்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும். அதேபோல யூசர் ஸ்டோரி (பயன்படுத்துகிறவர் பார்வையில் எழுதும் தேவை), ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவுக்குப் போடும் எண்) இரண்டும் ஸ்க்ரம் கைடில் கிடையாது. யூசர் ஸ்டோரி எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இன்னொரு முறையில் இருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இது தெரியாமல் தேர்வில் தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறை என்னவென்றால், படித்தது மண்டையில் நிற்கும், கைக்கு வராது. ஸ்பிரின்ட் ரிவ்யூ என்றால் என்ன என்று கேட்டால் மடமடவென்று சொல்லும் பிள்ளைகள், “நீ கடைசியா யார்கிட்ட என்ன காட்டின, அவங்க என்ன சொன்னாங்க?” என்று கேட்டால் நின்றுவிடுகிறார்கள்.

வீடியோ வகுப்புகள்

கல்லூரியில் இருப்பவர்களுக்கு என்பிடெல் நல்ல வழி. ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் எடுக்கும் பாடம், பார்ப்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் ஆயிரம் ரூபாய் கட்டி நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். வாராந்திரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. ஐ.ஐ.டி. கரக்பூர் வழங்கும் சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பாடம் 12 வாரம் ஓடும். முழுக்க அஜைல் இல்லை. திட்டமிடல், செலவு மதிப்பீடு, ரிஸ்க் என்று பரந்து போகும். அஜைல் எதற்கு மாற்றாக வந்தது என்பது அதனால் நன்றாகப் புரியும். எல்லாவற்றையும் முதலிலேயே திட்டமிட்டு வரிசையாகச் செய்யும் வாட்டர்ஃபால் முறையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அஜைலை மட்டும் படித்தவருக்கு, இத்தனை கூட்டம் எதற்கு என்ற சந்தேகம் தீராது. கல்லூரியில் இந்தப் பாடத்துக்கு கிரெடிட் கொடுப்பார்களா என்று முதலில் விசாரியுங்கள். கொடுத்தால் இரட்டை லாபம். 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் உங்கள் துறைக்கு என்ன வந்திருக்கிறது என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

கோர்செராவில் கூகுள் தரும் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிப்பில் அஜைலுக்கு என்று தனிப் பாடம் உண்டு. மாதச் சந்தா. பணம் கட்ட முடியாதவர்கள் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம், காரணத்தை ஆங்கிலத்தில் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். ஒரு பணியிடத்தில் நடப்பதுபோலக் காட்சி அமைத்துச் சொல்லித்தருவதால் என்பிடெல்லைவிட இது எளிதாகப் போகும். ஆழம் குறைவு. இரண்டில் ஒன்று என்றால், மாணவருக்கு என்பிடெல், வேலையில் இருந்துகொண்டே மாலையில் படிக்கிறவருக்குக் கோர்செரா என்பேன்.

யூடியூபில் தமிழிலேயே விளக்குகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் பயம் போவதற்கு உதவும். அதோடு சரி.

கூடச் சேர்ந்து வேலை செய்ய ஆள் கிடைப்பார்களா என்ற கேள்வியை இங்கேயும் கேட்டால், இவை எதிலும் கிடைக்க மாட்டார்கள் என்பதுதான் பதில். விவாதப் பக்கம் இருக்கும், ஆயிரக்கணக்கில் பேர் இருப்பார்கள். ஆனால் நீங்கள் சொன்ன வேலையைச் செய்யாவிட்டால் பாதிக்கப்படுகிற ஒருவரும் அங்கே இல்லை.

பணம் கட்டும் இரண்டு வழிகள்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். வீட்டில் அப்பா கொடுத்த பணம் போவது இங்கேதான்.

ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழில் இரண்டு பெயர் அதிகம் அடிபடும். சி.எஸ்.எம். தருவது ஸ்க்ரம் அலையன்ஸ். பி.எஸ்.எம். தருவது ஸ்க்ரம் டாட் ஆர்க். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஸ்க்ரம் அலையன்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கென் ஷ்வேபர் 2009-ல் அதில் இருந்து விலகி ஸ்க்ரம் டாட் ஆர்க்கைத் தொடங்கினார். பாடம் ஒரே கைடு. வழிதான் வேறு.

சி.எஸ்.எம்.முக்கு அங்கீகரிக்கப்பட்ட பயிற்றுநரிடம் வகுப்புக்குப் போயே ஆக வேண்டும், பெரும்பாலும் இரண்டு நாள். அப்புறம் 50 கேள்வி, 37 சரியாக இருந்தால் போதும். வகுப்பைக் கவனித்தவருக்குத் தேர்வு பெரிய கஷ்டம் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 100 டாலர் கட்டி, 20 மணி நேரத்துக்கான கற்றல் கணக்கும் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பி.எஸ்.எம். முதல் நிலைக்கு வகுப்பு கட்டாயம் இல்லை. வீட்டிலேயே எழுதலாம். 60 நிமிடத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் வேண்டும், அதாவது 68 சரி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது, வாசிப்பது எல்லாம் ஆங்கிலம். கட்டணம் 200 டாலர், ஒரு முறை எழுத மட்டும். தவறினால் மறுபடி கட்ட வேண்டும். தேறிவிட்டால் காலாவதியே கிடையாது.

புதுப்பிக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பி.எஸ்.எம். மலிவு. ஆனால் என் கேள்விக்குப் பதில் வைத்திருப்பது சி.எஸ்.எம்.தான். அந்த இரண்டு நாளாவது இருபது பேரோடு உட்கார்ந்து, குழுவாகப் பிரிந்து, ஒரு சின்ன வேலையைச் சுற்றுச் சுற்றாகச் செய்து பார்ப்பீர்கள். நல்ல பயிற்றுநர் கிடைத்தால் அது மறக்காது. கொரோனாவுக்குப் பிறகு இந்த வகுப்புகள் நேரலையிலும் நடக்கின்றன. அதனால் பெங்களூருக்கு 90 கிலோமீட்டர் பஸ்ஸில் போய், இரவு தங்க இடம் தேட வேண்டிய அவசியமும் இல்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எங்கள் உறவுப் பெண் ஒருத்தி அப்படித்தான் முடித்தாள். அவளுக்கு அது சரியான தேர்வு. அவளுடைய கம்பெனி கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது, அவளிடம் ஏற்கெனவே டீமும் இருந்தது.

நான் போனது வேறு மாதிரி. சாஃப்ட்வேர் பக்கம் வந்த புதிதில், பெங்களூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் சனி ஞாயிறு வகுப்புக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ‘ஸ்க்ரம் சர்டிஃபிகேஷன்’ என்று பலகையில் போட்டிருந்தார்கள். இரண்டு நாளும் ஒருவர் ஸ்லைடைப் படித்துக்கொண்டே போனார். கடைசியில் கையில் கொடுத்த காகிதத்தில் அந்த நிலையத்தின் முத்திரை மட்டும் இருந்தது. ஸ்க்ரம் அலையன்ஸும் இல்லை, ஸ்க்ரம் டாட் ஆர்க்கும் இல்லை. கேட்டபோது, “இதுவும் சர்டிஃபிகேட்தானே சார்” என்றார்கள். அந்தப் பணம் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. இன்றைக்கும் ஆறவில்லை.

அதனால் யார் வந்து கேட்டாலும் முதலில் சொல்வது: பணம் கட்டும் முன் பயிற்றுநரின் பெயரைக் கேளுங்கள். ஸ்க்ரம் அலையன்ஸ் தளத்தில் அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர்கள் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லை என்றால் அங்கே கிடைப்பது சி.எஸ்.எம். இல்லை. ‘உலகத் தரம்’, ‘நூறு சதவீதம் வேலை’ என்று விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும் சரி.

பி.எம்.ஐ. நிறுவனத்தின் ஏ.சி.பி. சான்றிதழைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அதற்கு வேலை அனுபவம் காட்ட வேண்டும். அடிப்படை படிக்க வந்தவர் அதை இப்போது நினைக்க வேண்டாம்.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு குறுக்கு வழி

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது தெரிவதில்லை. எங்கள் மாவட்டத்தில் கான்பான் என்ற சொல்லைத் தினமும் புழங்கும் ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பத்தாவதோ ஐ.டி.ஐ.யோ முடித்தவர்கள்.

நான் இருந்த லைனில் ஆபரேட்டருக்கு முன்னால் இரண்டு நீல பிளாஸ்டிக் பெட்டி இருக்கும், ஒன்றின் பின்னால் ஒன்று. இரண்டிலும் ஒரே போல்ட். முன்பெட்டி காலியானதும் அதைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் இருப்பதை முன்னுக்கு இழுத்துக்கொள்வார். காலிப் பெட்டியில் சொருகியிருக்கும் அட்டையை எடுத்துப் பக்கத்துக் கம்பியில் மாட்டுவார். அட்டையில் பாகத்தின் எண், எத்தனை, எந்த ரேக் என்று இருக்கும். ஓரமெல்லாம் கிரீஸ் பட்டுக் கறுத்திருக்கும். ஸ்டோர் பையன் ஒரு சுற்று வரும்போது கம்பியில் தொங்கும் அட்டைகளை எடுத்துக்கொண்டு போய், அதில் இருப்பதை மட்டும் கொண்டுவருவான். அட்டை இல்லாமல் ஒரு போல்ட்கூட வராது. அதிகமாகக் கொண்டுவந்து குவித்தால் சூப்பர்வைசர் திட்டுவார்.

இது டொயோட்டாவில் தைச்சி ஓனோ கொண்டுவந்தது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில், எடுத்த இடத்தை மட்டும் திரும்ப நிரப்புகிறார்கள் என்பதில் இருந்து அவருக்கு வந்த யோசனை. கான்பான் என்றால் ஜப்பானிய மொழியில் அட்டை, பலகை. 2000-க்குப் பிறகு டேவிட் ஆண்டர்சன் இதைச் சாஃப்ட்வேர் வேலைக்குக் கொண்டுவந்தார்.

எலக்ட்ரானிக் சிட்டியில், வேலைகளை அட்டைகளாக ஒட்டிவைக்கும் என் டீமின் பலகையில் ‘டெஸ்டிங்’ பத்தியில் ஒரு சமயம் பதினொரு அட்டை குவிந்துகிடந்தது. எல்லாம் என் தலையில். டெவலப்பர்கள் புதிது புதிதாகத் தொடங்கிக்கொண்டே இருந்தார்கள், ஒன்றும் முடியவில்லை. ஒருநாள் லீட் வந்து அந்தப் பத்தியின் தலையில் 3 என்று எழுதிவிட்டுப் போனார். மூன்று நிரம்பினால் டெவலப்பரும் வந்து டெஸ்ட் செய்ய வேண்டும், புதிதாகத் தொடங்கக் கூடாது. மற்றவர்கள் இதைப் பற்றி அரைமணி நேரம் விவாதித்தார்கள். எனக்கு அந்த நீலப் பெட்டி கண்ணில் வந்து நின்றது. விளக்கமே தேவைப்படவில்லை.

ஆகவே ஓசூரில் வாகனத் தொழிற்சாலையிலோ அவர்களுக்குப் பாகம் கொடுக்கும் வெண்டரிடமோ வேலை செய்பவர், தம்பியோ தங்கையோ அங்கே இருப்பவர், ஸ்க்ரம்மில் தொடங்காமல் கான்பானில் தொடங்குங்கள். ஷிஃப்ட் தொடக்கத்தில் பலகை முன்னால் நின்று பேசும் பத்து நிமிடம்தான் ஸ்டேண்ட்-அப் என்கிற தினக்கூட்டத்துக்கு அண்ணன் முறை. திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்று சுவரில் ஒட்டியிருக்கும் டெமிங் வட்டம்தான் ஸ்பிரின்ட்டுக்குள் ஓடுவது. டி.வி.எஸ். மோட்டார் 2002-ல் தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கிய ஊர் இது. இந்தப் பழக்கம் இங்கே புதிதில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தொழிற்சாலையில் என்ன பாகம், என்ன அளவு என்பது முன்பே முடிவானது. சாஃப்ட்வேரில் வாடிக்கையாளருக்கே தனக்கு என்ன வேண்டும் என்று பாதிதான் தெரியும். காட்டி, கேட்டு, மாற்றும் பகுதியை ஷாப் ஃப்ளோர் உங்களுக்குக் கற்றுக்கொடுக்காது. அதற்கு ஸ்க்ரம்தான் வேண்டும். கான்பான் மட்டும் போதும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சொந்தமாக ஒரு சின்ன வேலை

அக்கா பையனுக்குக் கடைசியில் நான் சொன்னது இதுதான். எங்கள் சித்தி வீட்டில் சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறார்கள். ஆர்டர் எல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும். அதை ஒரு ஆப்பாகச் செய்து கொடு, கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொள், ஆறு வாரம், ஒரு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட் என்றேன். வகுப்பில் இருந்து இரண்டு நண்பர்களைக் கூட்டிவந்தான். சித்திதான் ப்ராடக்ட் ஓனர். அவருக்கு அந்தப் பெயரைச் சொல்லவில்லை. “சனிக்கிழமை சாயந்திரம் பசங்க காட்டுவாங்க சித்தி, பார்த்துட்டு உங்களுக்குத் தோணறதைச் சொல்லுங்க” என்றேன்.

பலகை என்று வாங்கவில்லை. பழைய காலண்டர் தாளைத் திருப்பி, உரமூட்டை வைக்கும் அறைச் சுவரில் ஒட்டினார்கள். செய்ய வேண்டியது, கையில் இருப்பது, முடிந்தது என்று மூன்று பத்தி. கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டிச் சீட்டு. முதல் நாளே 23 சீட்டு எழுதிவிட்டார்கள். அதில் ஏழு சீட்டை முதல் வாரத்துக்கு எடுத்தார்கள். முடிந்தது இரண்டு.

அந்த இரண்டில் ஒன்று பில் அச்சடிக்கும் பக்கம். மாமர லோகோ எல்லாம் போட்டு அழகாகச் செய்திருந்தார்கள். சனிக்கிழமை சித்தி கையில் இருந்த மண்ணைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது கண்ணு. பில்லு யாரு கேக்கறாங்க? செந்தூரா நூறு, பெங்களூரா இருநூறுன்னு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிடறாங்க. யாரு என்னிக்கு வந்து எடுக்கறாங்க, அன்னிக்கு ஒட்டு புடிச்ச கன்னு அத்தனை இருக்குதா இல்லையா, அதை உன் போனு சொல்லுமா?” என்றார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 23 சீட்டில் அது ஒன்றில்கூட இல்லை. அன்று இரவே பலகையில் பாதிச் சீட்டு கீழே போய்விட்டது. இரண்டாவது வாரம் மூன்று சீட்டு மட்டும் எடுத்தார்கள், மூன்றும் முடிந்தது. ஸ்பிரின்ட் ரிவ்யூ எதற்கு என்று அதன் பிறகு நான் ஒரு வார்த்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. முதல் வாரம் காட்டாமல், ஆறு வாரம் கழித்து முழு ஆப்பையும் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால், சித்தி பேசாமல் வாங்கி வைத்துவிட்டு நோட்டிலேயே எழுதிக்கொண்டிருப்பார்.

இந்த வழிக்குச் செலவு ஒன்றும் இல்லை. இந்தப் பலகையை நெட்டில் வைத்துக்கொள்ளும் ட்ரெல்லோவோ ஜிராவோ பழக வேண்டும் என்றால் சின்ன டீமுக்கு இரண்டிலும் இலவசக் கணக்கு உண்டு. மூன்றாவது வாரத்துக்குப் பிறகு சுவரில் இருந்ததை அதில் ஏற்றிக்கொண்டால் போதும். முதல் நாளே கருவியில் தொடங்கினால் கவனம் எல்லாம் கருவியின் பட்டன்களில் போய்விடும்.

இதற்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. தப்பாகப் பழகினால் திருத்த ஆள் இல்லை. முதல் வாரம் அவர்களுடைய தினக்கூட்டத்தை வீடியோ காலில் நான் பார்த்தேன். மூவரும் என்னிடம் ஒப்பிப்பதுபோலவே பேசினார்கள், ‘முடிச்சிட்டேன் மாமா’, ‘நாளைக்கு முடிச்சிடுவேன் அங்கிள்’ என்று. ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்கவே இல்லை. மறுநாள் நான் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். நாலாவது நாள்தான், “டேய், அந்த டேபிளை நீ முடிக்காம நான் எதையும் தொட முடியாதுடா” என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னான். தினக்கூட்டம் நடக்க ஆரம்பித்தது அங்கேதான். இதைப் பார்த்துச் சொல்ல, வாரத்துக்கு ஒரு மணி நேரம் தரும் அனுபவசாலி ஒருவர் வேண்டும். பெங்களூர் ஐ.டி.யில் வேலை செய்கிறவர் இல்லாத தெரு இன்று கிருஷ்ணகிரியில் அபூர்வம். தர்மபுரியிலும் அப்படித்தான். தயங்காமல் கேளுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

நர்சரி இல்லாதவர் என்ன செய்வது? மாம்பழக்கூழ் ஆலைக்கு லோடு அனுப்பும் மாமா இருக்கலாம், புளி மண்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கலாம், கோயில் திருவிழாக் கமிட்டி இருக்கலாம். சாஃப்ட்வேராகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. இரண்டு நிபந்தனை போதும்: செய்பவர் குறைந்தது மூன்று பேர், வாரா வாரம் பார்த்துவிட்டு ‘இது இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஒருவர்.

எனவே, யாருக்கு எது?

கல்லூரியில் இருப்பவர், கைடைப் படித்துவிட்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு வேலையை எடுங்கள். கிரெடிட் உண்டு என்றால் என்பிடெல்லையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள். இன்டர்வியூவுக்கு முன் பதினைந்தாயிரம் கட்டிச் சான்றிதழ் வாங்குவதை நான் சொல்லமாட்டேன். ரெஸ்யூமேயில் பி.எஸ்.எம். என்று இருப்பதைவிட, சித்தி பில் வேண்டாம் என்று சொன்ன கதை இன்டர்வியூவில் அதிக நேரம் பேசவைக்கும்.

ஐ.டி.யில் ஏற்கெனவே ஒரு ஸ்க்ரம் டீமில் இருந்துகொண்டு ஸ்க்ரம் மாஸ்டர் ஆக நினைப்பவருக்கு டீம் இருக்கிறது, பழக்கம் இருக்கிறது, காகிதம்தான் இல்லை. பணம் சொந்தப் பணம் என்றால் பி.எஸ்.எம். ஸ்க்ரம் ஓபனில் தொடர்ந்து முழு மதிப்பெண் வரும் வரை கட்டணத்தைக் கட்ட வேண்டாம். கம்பெனி கொடுக்கிறது என்றால் சி.எஸ்.எம்., பயிற்றுநரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து.

ஷாப் ஃப்ளோரில் இருந்து சாஃப்ட்வேர் பக்கம் வர நினைப்பவர் கான்பானில் தொடங்கி, அப்புறம் ஸ்க்ரம் கைடு. நான் வந்த வழி அது. சாஃப்ட்வேர் தெரியாது என்ற தயக்கம் இருந்தாலும், வேலை ஓட்டத்தைப் பற்றிப் பேசும் இடங்களில் நீங்கள்தான் முன்னால் இருப்பீர்கள்.

வேலை தேடிக்கொண்டு வீட்டில் தனியாக இருப்பவர்தான் பெரும்பாலும் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார். அவருக்குத்தான் இரண்டு நாள் வகுப்பு மிகக் குறைவாகப் பயன்படும். மூன்றாவது நாள் திரும்பவும் தனியாகத்தான் உட்கார வேண்டும். அவர் முதலில் இன்னும் இரண்டு பேரைத் தேடட்டும்.

அக்கா பையன் பி.எஸ்.எம். இன்னும் எழுதவில்லை. ஸ்க்ரம் ஓபனில் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று தப்பு வருகிறது, அது நிற்கட்டும் என்று காத்திருக்கிறான். ஆறு வாரம் என்று தொடங்கியது பத்தாவது வாரத்தில் ஓடுகிறது. போன சனிக்கிழமை போனபோது காலண்டர் தாளில் புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, பையன்களின் எழுத்து இல்லை. ‘ஆந்திராக்காரர் அல்போன்சா கன்னு, பாதி லாரி இப்ப, பாதி அப்புறம், எப்படி எழுதறது?’ என்று சித்தியே எழுதி, முதல் பத்தியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தார்.